மழை மாதத்தில் வயதானவர்களை வீடு மாற்றுவது: சாமான் முன்னே, ஆள் பின்னே

நீங்கள் கேட்டது இது: அப்பாவுக்கு 82 வயது, வாக்கர் பிடித்து நடக்கிறார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 76, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். கல்லிடைக்குறிச்சியில் ஐம்பது வருஷம் இருந்த வீட்டிலிருந்து பாளையங்கோட்டையில் முதல் மாடி வாடகை வீட்டுக்கு இரண்டு பேரையும் கொண்டுவர வேண்டும். அடைமழைக் காலம். எந்த பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நல்லது, இல்லை தை பிறக்கும்வரை பொறுக்கலாமா? கேள்வி லாரியைப் பற்றி இருந்தாலும் உங்கள் கவலை லாரியில் இல்லை என்று தெரிகிறது. அப்பா புது வீட்டில் விழுந்துவிடுவாரோ, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்விடுமோ, இருவரும் மனசொடிந்துவிடுவார்களோ என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன். லாரி கடைசியில் வரும்.

வீடு வீடாகப் போய் முதியோருக்கு பிசியோதெரபி செய்வது என் தொழில். அதனால் கட்டில், கக்கூஸ், படிக்கட்டு, வாக்கர் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, அதில் நான் கை வைக்க மாட்டேன். நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான். சாமானையும் ஆட்களையும் ஒரே நாளில், ஒரே வேகத்தில் மாற்றாதீர்கள். சாமான் முதலில் போய், கட்டில் விரித்து, விளக்கு எரிந்து, பாத்ரூமில் பிடி அடித்து முடித்த வீட்டுக்குள்தான் அப்பா நுழைய வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, "கொஞ்சம் இருங்க, கட்டிலை இப்ப மாட்டிருவோம்" என்று சொல்கிற வீடு மாற்றத்தில்தான் அன்று ராத்திரியே ஆள் விழுவது நடக்கிறது.

முதலில் காலம். இணையத்தில் குளிர்காலத்தில் வீடு மாறுவது பற்றித் தேடினால் படியில் உப்புத் தூவுங்கள், உறைபனியைச் சுரண்டுங்கள் என்றெல்லாம் வரும். அது பனிக்கட்டி விழும் தேசத்துக்காரர்களுக்கு. நமக்கு ராத்திரி 22, 23 டிகிரி வாக்கில்தான் இறங்கும். இங்கே எதிரி தண்ணீரும் ஈரமும் வழுக்கலும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்வது சும்மா இல்லை. நம் திருநெல்வேலி ஜில்லாவுக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான். தை பிறந்தால் மழை ஓய்ந்துவிடும், உண்மை. ஆனால் தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அதற்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். இருமல், இழுப்பு உள்ளவர்களுக்கு விடியற்காலைப் பனி மழையைவிடத் தொந்தரவு. அதனால் தை வரை காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இல்லை.

நடுவில் மார்கழி. டிசம்பர் 15 வாக்கில் கார்த்திகை முடிகிறது. அதற்கப்புறம் "மார்கழியிலயா வீடு மாறுவாவ?" என்று அம்மா கேட்டால் அதற்குப் பதில் கிடையாது, வாதாடவும் வேண்டாம். மனசு ஒப்பாமல் வந்து ஏறிய வீட்டில் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் பழி அந்த மாதத்தின்மேல் விழும். கார்த்திகைக்குள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம், குத்துவிளக்கு வைத்துவிட்டால் குடிபோன கணக்குத்தான், மிச்சச் சாமானை மெதுவாகக் கொண்டுபோகலாம் என்று பல குடும்பங்களில் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். பால் காய்ச்சுவதற்கு அப்பாவை விடியற்காலை நாலரைக்கு எழுப்பிப் பனியில் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அம்மா மட்டும் வந்து காய்ச்சினால் போதும். கணபதி ஹோமம் உண்டென்றால் அந்தப் புகை அடங்கி, ஜன்னலெல்லாம் இரண்டு நாள் திறந்து கிடந்தபிறகு அப்பா வரட்டும். புதுப் பெயிண்டும் அப்படித்தான். மழையில் சுவர் காய நாளாகும், வாடை போக நாளாகும்.

உங்கள் நிலைமைக்கு என் யோசனை: கார்த்திகை முதல் இரண்டு வாரத்துக்குள் புது வீட்டு வேலைகளை முடிக்க முடிந்தால் இப்போதே மாறுங்கள். முடியாதென்றால் அரைகுறையாக மார்கழிக்கு முதல்நாள் அடித்துப் பிடித்து ஏற வேண்டாம். பொங்கல் கூட்டம் அடங்கி, தை பத்துக்கு மேல் பாருங்கள். மழை எந்த நாளில் பெய்யும் என்று நாலைந்து நாளைக்கு மேல் யாரும் நம்பிச் சொல்ல முடியாது. ஆகவே நாள் குறிக்கும்போதே மாற்று நாள் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "2023 டிசம்பர் 17, 18-ல இந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர் வீட்டில் கேளுங்கள். அந்த இரண்டு நாளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் ஏறியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாளையங்கோட்டை மேடுதான் என்றாலும் உள்சந்துகள் எல்லாம் மேடில்லை. உங்களுக்கு முதல் மாடி. ஆனால் மின்மீட்டரும் தண்ணீர் மோட்டாரும் கீழேதானே இருக்கும்? அவை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அவை முங்கினால் மாடியில் நடக்க முடியாத ஒருவர் வெளிச்சமும் தண்ணீரும் இல்லாமல் மாட்டிக்கொள்வார். மாறுகிற வாரத்தில் பாபநாசம் (143 அடி), மணிமுத்தாறு (118 அடி) அணைகளின் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டும் நிரம்பி உபரி திறக்கிறார்கள் என்றால் அந்த வாரம் வேண்டாம். சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக வந்தால் ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை என்றாலும் கால்வாய்களும் பச்சையாறும் குறுக்கே இருக்கின்றன.

பழைய வீட்டில் வேண்டாததைக் கழிக்கிற வேலை மாறுவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே தொடங்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், அதுவும் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே. பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி அவர் முன்னால் வையுங்கள், வேண்டும் வேண்டாம் என்பதை அவர் சொல்லட்டும். இந்த இடத்தில் பிள்ளைகள் அவசரப்பட்டு, "இதை எதுக்கும்மா?" என்று தாங்களே தூக்கிப் போடுவார்கள். அந்த ஈயச் சொம்பு போன கோபம் ஆறு மாதம் ஓயாது. ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு அம்மியை மட்டும் கொண்டுபோவது போன்ற சமரசங்களை அவரே செய்வார், அவகாசம் கொடுத்தால். பரண் தூசி தட்டுகிற நாள் மட்டும் இருவரையும் வளவில் (ஒரே வாசலுக்குள் சேர்ந்திருக்கிற வீடுகளில்) வேறு வீட்டில் உட்கார வையுங்கள். புறவாசலில் விறகடுக்கு, தேங்காய் மட்டைக் குவியல், பழைய ஓடு இருந்தால் கையை விட்டு எடுக்காதீர்கள். மழை ஈரத்துக்குத் தேளும் பாம்பும் அங்கேதான் ஒதுங்கும். நீளக் கம்பால் கலைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, பூட்ஸ் போட்ட ஆள் எடுக்கட்டும்.

மூட்டை கட்டுவதில் மழைக்கென்று சில விஷயங்கள் மாறும். இலவம்பஞ்சு மெத்தை ஒருமுறை நனைந்தால் கார்த்திகையில் காயவே காயாது, உள்ளே பூசணம் பிடிக்கும். அதைத் தடித்த பாலித்தீன் தாளில் முழுக்கச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பத்தமடைப் பாயைச் சுருட்டி உள்ளுக்குள் வையுங்கள், மேலே கட்டாதீர்கள். வீட்டுப் பத்திரம், பட்டா, பாஸ்புக், பென்ஷன் புத்தகம், ஆதார், மருத்துவச் சீட்டுகள் இவை எதுவும் லோடில் போகக் கூடாது. ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில், உங்கள் கையில். ஃபிரிட்ஜை முந்தின நாள் ராத்திரியே அணைத்து, ஐஸ் உருக்கித் துடைத்துவிட்டு, நிறுத்தியபடியே கொண்டுபோங்கள். படுக்க வைக்க நேர்ந்தால் புது வீட்டில் நிமிர்த்தி ஒருநாள் கழித்துப் போடுவது நல்லது. அப்படியானால் அம்மாவின் இன்சுலினுக்கு அந்த ஒருநாள் எங்கே இடம் என்பதையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி 50, 60 கிலோ கனக்கும், சாய்ந்தால் ஆசிட் வழியும். மெத்தை, துணி பக்கத்தில் அதை வைக்காதீர்கள். பழைய மரக்கட்டிலின் மூட்டுகள் ஈரத்தில் ஊறி இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் சட்டம் பிளக்கும். கட்டைமேல் துணி வைத்துத் தட்டி, மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள். இரும்புக் கட்டிலானால் போல்ட்டுகளைத் துணிப்பையில் போட்டு அந்தச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். புது வீட்டில் நாலு போல்ட்டைத் தேடுகிற நேரத்துக்கெல்லாம் அப்பா நின்றுகொண்டிருப்பார்.

இனி புது வீடு. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் அளவு, வாக்கரின் வெளி அகலம். அது பெரும்பாலும் 22 முதல் 25 அங்குலம் இருக்கும். இரண்டாவது அளவு, பாத்ரூம் கதவைத் திறந்து வைத்தபடி நடுவில் உள்ள இடைவெளி. கதவு இரண்டரை அடி என்று சொன்னாலும் சட்டமும் கதவின் கனமும் கழிந்து போய்விடும். வாக்கர் நுழையாவிட்டால் அவர் அதை வாசலில் விட்டுவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். வழுக்குகிற இடத்தில் பிடிமானம் இல்லாமல் போவது அங்கேதான் தொடங்குகிறது. வாசலில் பளிங்குத் தடுப்பு ஒன்றரை, இரண்டு அங்குலம் இருக்கும். அதற்குப் பளீரென்ற மஞ்சள் டேப் ஒட்டுங்கள். பழைய வீட்டுக் காவித்தரை காலைப் பிடிக்கும். இங்கே டைல்ஸ் மழை ஈரத்தில் எண்ணெய் தடவியது மாதிரி இருக்கும். பாத்ரூமுக்கு உள்ளேயும் வெளியேயும் ரப்பர் அடி உள்ள மிதியடி போடுங்கள். பழைய துணி மிதியடி, கோணிச்சாக்கு இரண்டும் கூடாது, வாக்கர் காலோடு அதுவும் சேர்ந்து நகரும்.

கைப்பிடிக் கம்பி வாங்கும்போது டைல்ஸில் காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் வகையை வாங்காதீர்கள். ஈரத்தில் அது எப்போது விடும் என்று சொல்லவே முடியாது, அதுவும் முழு எடையும் விழும்போதுதான் விடும். எவர்சில்வர் கம்பி, கை சுற்றிப் பிடிக்க ஒன்றேகால், ஒன்றரை அங்குலக் கனம், தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம், சுவரில் துளைபோட்டு ஆங்கர் போல்ட்டில் முடுக்கியது. கக்கூஸ் பக்கவாட்டில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று. மாட்டிய பிறகு நீங்களே முழு பலத்தோடு தொங்கிப் பாருங்கள். வாடகை வீடு என்றால் துளை போட வீட்டுக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாதாரண வெஸ்டர்ன் டாய்லெட் 15, 16 அங்குலம்தான், முட்டிவலிக்காரர் எழுந்திருக்க 18 வேண்டும். மேலே வைக்கிற உயர்த்தி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும், பக்கவாட்டில் கிளிப் உள்ளதாக வாங்குங்கள். முக்கியமாக, பாத்ரூமின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். மழைக்கு மரக்கதவு ஊதி இறுகும். உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் தள்ளியும் திறக்க முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

கட்டிலுக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழைய வீட்டில் அப்பா ராத்திரி எழும்போது எந்தப் பக்கம் காலைத் தொங்கப் போடுகிறார் என்று பாருங்கள். வலது பக்கம் இறங்கி, இடது கையால் கட்டில் தலைமாட்டைப் பிடித்து, நாலு எட்டு வைத்து, நிலைப்படியைத் தொட்டுத் திரும்பிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷமாக இருட்டில் உடம்பு தானாகச் செய்கிற காரியம் இது, கண் அதில் சேர்த்தியே இல்லை. புது அறையில் கட்டிலைச் சுவரோரம் இடம் மிச்சம் என்று மறுபக்கமாகப் போட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் இறங்குவது சுவருக்குள். அதனால் இறங்குகிற பக்கமும் பாத்ரூம் இருக்கிற திசையும் முடிந்தவரை பழைய மாதிரியே அமையட்டும். தலைமாட்டில் அதே சின்ன மேசை, அதே சொம்பு, அதே டார்ச், கண்ணாடி வைக்கிற அதே பெட்டி. படுத்தபடி பார்த்தால் தெரிகிற இடத்தில் கடிகாரமும் தினசரிக் காலண்டரும். கட்டில் உயரம், உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிகிற அளவு, ஏறக்குறைய 18 முதல் 20 அங்குலம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் வயர், பாய், பெட்டி எதுவும் கிடக்கக் கூடாது. வழியில் இரண்டு இரவு விளக்கு. சுவிட்ச் பலகையில் ஏழெட்டு சுவிட்ச் இருந்தால் அவருக்கு வேண்டிய இரண்டின்மேல் மட்டும் அம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுங்கள். இரண்டு பொட்டு, செலவு ஒன்றுமில்லை, இதைவிடப் பயனுள்ள ஒரு சாதனத்தை நான் பார்க்கவில்லை.

ஆட்கள் வருகிற நாள். செவ்வாய்க்கிழமைக்குள் கட்டில், நாற்காலி, ஒரு அடுப்பு தவிர எல்லாம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன் காலை ஆறரைக்கு அந்தக் கட்டில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் போகிறது, கூட ஒருவர் போய் மாட்டி விரிப்பு விரித்துவிடுகிறார். அப்பாவும் அம்மாவும் டிபன் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, 9 மணிக்கு மேல் 10.30-க்குள் இறங்குகிறார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது ஒரு பக்கம். புதனில் 7.30-லிருந்து 9 எமகண்டம், 10.30-லிருந்து 12 குளிகை, 12-லிருந்து 1.30 ராகு. இடையில் மிஞ்சுகிற ஒன்றரை மணி நேரம் வைத்தியக் கணக்குக்கும் பொருந்துகிறது: பனி விலகியிருக்கும், வெளிச்சம் இருக்கும், சாப்பிட்ட சாப்பாடு வயிற்றில் இருக்கும். கிழக்கே போவதால் சூலமும் இடிக்காது, அது திங்களும் சனியும்தான். இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம், அப்பாவுக்கு முக்கியம். வைத்தியத்தோடு முட்டாத இடத்தில் விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை.

அன்று அம்மாவுக்கு வரக்கூடிய ஆபத்து தாழ்சர்க்கரை. இன்சுலின் போட்டாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, பரபரப்பில் சாப்பாடு பாதி. குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் உடனே விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மீட்டர் பெட்டிக்குள் போய்விட்டதென்றால் பார்க்காமலேயே கொடுங்கள். மயக்கமாகி விழுங்க முடியாத நிலையில் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இன்சுலினைத் துணியில் சுற்றி ஃபிளாஸ்கில் வையுங்கள், ஐஸ் கட்டியோடு நேராக உரசக் கூடாது, உறைந்த இன்சுலின் அதோடு போயிற்று. இரண்டு வாரத்து மருந்து ஒரு தனிப்பையில் காருக்குள் இருக்கட்டும். அப்பா சாப்பிடுவது வார்ஃபரின் வகை என்றால் ரத்தம் உறைகிற வேகத்தைப் பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். சோதனைத் தேதி இந்தக் குழப்பத்தில் தவறிவிடாமல் காலண்டரில் குறியுங்கள். காலையில் சிறுநீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பயண நாளில் அதை எப்போது கொடுப்பது என்று முன்பே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபுளூ தடுப்பூசி போடுவதாக இருந்தால் அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், கிளம்புகிற அன்று போட்டுப் பயனில்லை.

காரில் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, சீட்டின்மேல் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் பையை விரியுங்கள். அப்பா முதுகைக் காருக்குக் காட்டி நின்று, முதலில் உட்கார வேண்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்துத் தலையைக் குனிந்து நுழைவது நமக்குத்தான் சரி. உட்கார்ந்தபின் பையை உருவிவிடுங்கள். மாடிப்படியில் அவரால் ஏற முடிந்தால் நல்ல கால் முதலில் மேலே, நீங்கள் ஒரு படி கீழே பின்னால் நிற்க வேண்டும். முடியாவிட்டால் நாற்காலியில் தூக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தில் வளையும், கால் விரிந்துவிடும். கைப்பிடி உள்ள மர நாற்காலிதான் வேண்டும், இடுப்பில் ஒரு துண்டைக் கட்டுங்கள். ஏறினாலும் இறங்கினாலும் அவர் முகம் படிக்கட்டின் அடிப்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். அதாவது ஏறும்போது அவர் முதுகுப் பக்கமாகப் போவார். பலசாலி மேலே, முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. இன்னொருவர் கீழே, முன்கால்களைப் பிடித்துக்கொண்டு. படி நனைந்திருந்தால் முதலில் துடையுங்கள், தூக்குகிறவர்கள் செருப்பைக் கழற்றட்டும்.

வந்த உடனே படுக்க வைக்காதீர்கள். வெளிச்சத்தில் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு மூன்று நாலு தடவை நடத்திக் காட்டுங்கள், எத்தனை எட்டு என்று அவர் வாயால் எண்ணட்டும். முதல் வாரம் ராத்திரிக்கு கமோடு நாற்காலியோ யூரின் கேனோ கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். வெட்கப்படுவார், அம்மாவிடம் சொல்லிச் சம்மதிக்க வையுங்கள். எழுந்தால் கட்டில் விளிம்பில் ஒன்றிரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையும் பிராஸ்டேட் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். குளிருக்கென்று சாதாரண சாக்ஸ் போட்டு டைல்ஸில் நடக்க விடாதீர்கள். குதிகால் வார் உள்ள, வீட்டுக்குள் மட்டும் போடுகிற செருப்பு இருவருக்கும் வாங்குங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா முகம் சுளித்தால் பூஜை அறைக்கு முன்னால் கழற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் போடுங்கள். அப்பா விழுந்து தலையில் அடிபட்டால், ரத்தம் வராவிட்டாலும், வீக்கமில்லாவிட்டாலும், "எனக்கொண்ணும் இல்லலே" என்று அவரே சொன்னாலும், அன்றே ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்குள் ரத்தம் மெதுவாகக் கசியும். ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான்.

வெந்நீர் இன்னொரு கண்ணி. அண்டாவில் விறகு போட்டுக் காய்ச்சி, கையை விட்டுப் பார்த்து விளாவிக் குளித்தவர்கள் அவர்கள். கீசர் குழாயைத் திறந்தால் எவ்வளவு சூடு வரும் என்று தெரியாது. சர்க்கரை நோயில் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டதே தெரியாது, கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். கீசரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், இந்த வரிசை மாறக் கூடாது. குளிர்காலத்தில் அடிக்கடி எழ வேண்டுமே என்று இருவரும் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். பகலிலேயே ஆறேழு டம்ளர் போய்விட வேண்டும், சாயங்காலத்துக்கு மேல் குறைக்கலாம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்த அளவுதான். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரித்துண்டுக் கணப்பு மூட்டுவது கூடவே கூடாது.

மனசு விஷயத்தில் எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்கிறேன். புது இடத்தில் யார் குழம்புவார்கள், யார் தேறுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு வழியும் கிடையாது. ஞாபக மறதி முன்பே இருந்தவர்கள், காது மந்தமானவர்கள், கண்புரை உள்ளவர்கள் அதிகம் தடுமாறுவார்கள் என்பது மட்டும் தெரியும். "அங்கனயே கெடந்து செத்திருப்பேன்" என்று பேசுவது, சாப்பாட்டில் குறை சொல்வது, பழைய வளவுக்காரர்களைப் பற்றியே பேசுவது எல்லாம் துக்கம். சில வாரத்தில் கரையும், சிலருக்கு மாதங்கள் ஆகும். தினமும் ஒருமுறை அந்த வளவுக்குப் போன் போட்டுக் கொடுங்கள். ஆனால் நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஒரே நாளில் ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், பகலெல்லாம் தூங்கி ராத்திரி எழுந்து எதையோ தேடினால், நேரத்துக்கு நேரம் மாறினால், அதை வீடு மாறிய ஏக்கம் என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, ரத்தத்தில் உப்புக் குறைவு, சர்க்கரை, மருந்துக் கோளாறு, மலச்சிக்கல் ஏதாவது ஒன்று அடியில் இருக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று வரும். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் ஆயுள் சான்று நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வீடு மாறும் முன் முடித்துவிடுங்கள், தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை எடுக்கிற வசதியும் இருக்கிறது. பிபி, சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வருகிறதென்றால் பழைய ஊர்ப் பணியாளரிடம் சொல்லிவிட்டு, புது இடத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு மாதம் விட்டுப்போகும். கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டுத் தூக்குங்கள். ஆட்கள் போகிற காரில் சிலிண்டர் வேண்டாம். முதியோருக்கான உதவி எண் 14567, கதவில் உள்பக்கம் 108-க்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அடைமழையில் மின்சாரமும் போனும் சேர்ந்து போகலாம் என்பதால் நாலைந்து நாள் மருந்தும் ஒரு குடம் குடிநீரும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

இனி நீங்கள் முதலில் கேட்ட கேள்வி. 35, 40 கிலோமீட்டருக்குள் உள்ள இந்த மாற்றத்துக்குப் பெரிய கம்பெனி தேவையில்லை என்பது என் எண்ணம். குட்டியானையின் தளம் ஏழடி நீளம், அஞ்சடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், முக்கால் டன் ஏற்றலாம். இரண்டு கட்டு வீட்டுச் சாமானுக்கு இரண்டு நடையாவது வேண்டும், அல்லது ஒரு பெரிய பிக்கப். பிசான நெல் நடுகை நடக்கிற நேரம், ஊரில் ஆள் கிடைப்பது சிரமம். நாலு நாள் முன்பே லோடுமேன்களைச் சொல்லி வைக்க வேண்டும். மழை வந்தால் அட்வான்ஸ் போகாமல் மறுநாள் வருவார்களா, முதல் மாடி ஏற்றத் தனிக்கூலியா, கட்டில் பீரோ கழற்றி மாட்டுவது யார், எத்தனை ஆள் என்பதைப் பேசி ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, "தார்ப்பாய் இருக்கு சார்" என்று சொன்னால் அதை விரிக்கச் சொல்லி வெயில் பார்க்கத் தூக்கிப் பிடியுங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் அது ஒழுகும். இரண்டு தார்ப்பாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, முன்னாலிருந்து பின்னால் கயிறு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது காற்று முன்பக்கத்தைத்தான் கிளப்பும்.